மெய்நிகர் உலகமும் சிகிச்சையாளரின் கையும்



பக்கவாதம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் ஓர் அச்சம் பரவுகிறது. “கை கால் விழுந்துவிட்டது” என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அவருடைய காலம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவிய கை அது. செம்பனைக் குலைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிய கை அது. அந்தக் கை மடியில் அசையாமல் கிடப்பதைப் பார்க்கும் வீட்டாருக்கும் துயரம், அந்தக் கைக்கு உரியவருக்கும் துயரம்.

இந்த நிலையிலிருந்து மனிதரை மீட்டெடுக்கும் முயற்சிக்குப் புனர்வாழ்வுச் சிகிச்சை என்று பெயர். அந்தச் சிகிச்சையில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஒரு கருவியைப் பற்றியும், அந்தக் கருவி வந்த பிறகும் மாறாமல் இருக்கும் ஒன்றைப் பற்றியும் இன்று பேசுவோம்.

இக்காலத்துப் புனர்வாழ்வு நிலையங்கள் சிலவற்றில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். பெட்டி போன்ற ஒரு கண்ணாடி நோயாளியின் இரு கண்களையும் மூடியிருக்கும். அவர் நாற்காலியில் அமர்ந்தபடி வெறுங்காற்றில் கையை நீட்டுவார், எதையோ பறிப்பார், எதையோ கூடையில் போடுவார். அந்தக் கண்ணாடிக்குள் அவருக்கு ஒரு பழத்தோட்டம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் தோட்டமும் திரும்புகிறது. மெய் போலவே தோன்றினாலும் மெய்யல்லாத இந்த உலகத்தை மெய்நிகர் உலகம் என்று தமிழில் கூறுகிறோம். கண்ணாடி அணியாமல், தொலைக்காட்சி போன்ற திரையின்முன் நின்று ஆடும் முறையும் உண்டு. அதில் நோயாளியின் கை அசைவை ஒரு கருவி கண்டுகொள்ள, திரையில் உள்ள உருவம் அதற்கேற்ப அசையும்.

“மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் விளையாட்டுக் காட்டுகிறார்களே!” என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இந்த விளையாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. அதை அறிய, பக்கவாதம் என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாதம் கையிலோ காலிலோ தோன்றும் நோயன்று. அது மூளையில் தோன்றும் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அந்தப் பகுதிக்கு இரத்தம் கிடைக்காமல் அங்குள்ள நரம்பணுக்கள் மடிகின்றன. கைக்குக் கட்டளை இடும் பகுதி பாதிக்கப்பட்டால் கை அசைவதில்லை. விளக்கு நன்றாக இருந்தும், கம்பி அறுந்துவிட்டால் வீடு இருட்டாவது போலத்தான் இதுவும்.

அறுந்த கம்பியை மீண்டும் முறுக்கிக் கட்ட மூளைக்குத் தெரியாது. ஆனால் வேறு ஒன்று தெரியும். மழையில் மண் சரிந்து தோட்டத்துச் சாலை அடைபட்டுப் போனால் நாம் என்ன செய்கிறோம்? மரங்களுக்கு ஊடே புகுந்து நடக்கிறோம். நாலு பேர் நாலு நாள் நடந்தால் புல் மடங்குகிறது. பல நாள் நடந்தால் ஒற்றையடிப் பாதை தெளிவாகிவிடுகிறது. மூளையும் அப்படித்தான். மடிந்த பகுதியைச் சுற்றியுள்ள நரம்புகள் புதிய பாதைகளை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையவை. ஆனால் நடந்தால்தான் பாதை. ஒரே அசைவை மீண்டும் மீண்டும், மனம் ஊன்றிச் செய்தால்தான் அந்தப் பாதை உருவாகிறது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கவாத நோயாளிகளுக்கு அளிக்கப்படும் பயிற்சியைப் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தார்கள். பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயனுள்ள கை அசைவுகள் ஒரு சிகிச்சை வேளையில் சராசரியாக 32 முறைதான் நடந்தன. விலங்குகளின் மூளையில் மாற்றத்தைக் கண்ட ஆய்வுகளிலோ, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை பயிற்சி தரப்பட்டிருந்தது. காலிக் கோப்பையை முந்நூறு முறை எடுத்து வை என்றால் யாருக்கும் சலிப்புத் தட்டும். அதே அசைவைப் பழம் பறிக்கும் விளையாட்டாக மாற்றினால், எண்ணிக்கை ஏறுவது தெரியாமலே ஏறிவிடுகிறது. மெய்நிகர் கருவி புனர்வாழ்வுக்குள் வந்ததற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம், கண்ணின் வழியாக மூளையை நம்ப வைக்க முடிகிறது என்பது. இதை மிக எளிய முறையில் காட்டியவர் மருத்துவர் வி. எஸ். இராமச்சந்திரன். 1951ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர். கையை இழந்தவர்கள் சிலருக்கு, இல்லாத அந்தக் கையிலேயே தாங்க முடியாத வலி இருப்பதுண்டு. 1990களில் இராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி நல்ல கையை அசைக்கும்போது, அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் அசைவது போல் தெரிந்தது. இல்லாத கை விரிந்து இளகுவதாகச் சிலர் உணர்ந்தார்கள். அவர்களுடைய வலி குறைந்தது. இந்தப் பெட்டியையும் மெய்நிகர்ப் பெட்டி என்றே அவர் குறிப்பிட்டார். பின்னர் இதே கண்ணாடி முறை பக்கவாத நோயாளிகளின் கைப்பயிற்சிக்கும் வந்தது. அது பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம், ஒரு கண்ணாடி போதும் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மூன்றாவது காரணம், வலியை மறக்கச் செய்வது. தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டும்போதும், தோல் சுருங்கிவிடாமல் மூட்டுகளை நீட்டி மடக்கும்போதும் கடுமையான வலி ஏற்படும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் இருவர் இதற்காகவே ஒரு பனி உலகத்தை உருவாக்கினார்கள். கண்ணாடிக்குள் எங்கும் பனி. பனிமனிதர்கள்மீதும் பெங்குவின் பறவைகள்மீதும் நோயாளி பனி உருண்டைகளை எறிய வேண்டும். அந்த விளையாட்டில் மனம் ஆழ்ந்திருக்கும்போது நோயாளிகள் உணர்ந்த வலி குறைந்தது. வலியை உணர்வதற்கும் மனத்தின் கவனம் வேண்டும். கவனம் பனியில் இருந்தால் வலிக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது.

இவ்வளவு கேட்டபின், “அப்படியானால் இந்தக் கருவி ஒன்று இருந்தால் போதுமே! மனிதர் எதற்கு?” என்ற கேள்வி எழுகிறது. நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது.

கனடா, அர்ஜென்டினா, பெரு, நமது அண்டை நாடான தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், 14 புனர்வாழ்வுப் பிரிவுகளில், 141 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக, ஒரு பிரிவினர் திரையின்முன் நின்று ஆடும் நிண்டெண்டோ வீ என்னும் மெய்நிகர் விளையாட்டை ஆடினார்கள். மற்றொரு பிரிவினர் சீட்டு ஆடினார்கள், பிங்கோ ஆடினார்கள், மரக்கட்டைகளை அடுக்கி உருவினார்கள், பந்து எறிந்தார்கள். இரு பிரிவினருக்கும் இரண்டு வாரங்களில் பத்து முறை, முறைக்கு ஒரு மணி நேரம். முடிவில் இரு பிரிவினரின் கைகளும் தேறியிருந்தன. ஆனால் கருவியோடு ஆடியவர்கள் சீட்டு ஆடியவர்களை விஞ்சவில்லை!

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கோக்ரேன் என்னும் அமைப்பு, 2017ஆம் ஆண்டில் 72 ஆய்வுகளைத் தொகுத்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக மெய்நிகர் கருவியை வைத்தால் கைக்குக் கூடுதல் நன்மை இல்லை என்றும், வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகச் சேர்த்தால் நன்மை இருக்கலாம் என்றும் கூறியது. 2025ஆம் ஆண்டில் 190 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கையின் செயல்பாட்டில் சற்றே கூடுதலான முன்னேற்றம் தெரிவதாகக் கூறியது. ஆகவே கருவி பயனற்றதன்று. அதே வேளையில் அது மந்திரக்கோலும் அன்று.

சீட்டாட்டமும் கணினி விளையாட்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன என்றால், அந்த இரண்டிலும் பொதுவாக இருந்தது என்ன? கை மீண்டும் மீண்டும் வேலை செய்தது. அருகில் ஒரு சிகிச்சையாளர் இருந்தார். பிசியோதெரபிஸ்ட் என்றும், கை வேலைகளைப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர் என்றும் சொல்கிறோமே, அவர்கள்தாம்.

சிகிச்சையாளர் அருகில் இருந்து செய்வது என்ன? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திரையில் பழம் உயரத்தில் இருக்கிறது. நோயாளியின் கை அதுவரை எட்டவில்லை. அவர் என்ன செய்கிறார்? தோளைத் தூக்குகிறார், இடுப்பை வளைத்து உடம்பையே முன்னால் சாய்க்கிறார். கை பழத்தைத் தொட்டுவிடுகிறது. மணி அடிக்கிறது, பத்துப் புள்ளி! ஆனால் முழங்கை நீளவே இல்லை. இப்படியே நூறு முறை செய்தால் நூறு முறையும் தவறான பாதைதான் தேய்கிறது. எளிய விளையாட்டுக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. சிகிச்சையாளரின் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் ஒரு கையை நோயாளியின் மார்பருகே வைத்துச் சாயாமல் தடுக்கிறார். மற்றொரு கையால் முழங்கையைத் தாங்குகிறார். “உடம்பு வேண்டாம் ஐயா, கை மட்டும் வரட்டும்” என்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் விளையாட்டு சிகிச்சையாக மாறுகிறது.

நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி எட்வர்ட் போர்டின் என்னும் உளவியல் அறிஞர் 1979ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். மனநோய்ச் சிகிச்சையை வைத்து அவர் சொன்ன அந்த விளக்கம் பின்னர் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது. உறவு மூன்று புரிகளால் ஆன கயிறு போன்றது. ஒன்று, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. இரண்டு, அதற்காக என்னென்ன செய்வது என்பதில் உடன்பாடு. மூன்று, ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கையும் பற்றும். உடற்புனர்வாழ்வில் இந்த உறவைப் பற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. உறவு நன்றாக இருந்த இடங்களில் வலி குறைவதும், செயல்பாடு கூடுவதும் காணப்பட்டதாக அது தெரிவித்தது.

முதல் புரியையே எடுத்துக்கொள்வோம். தோள் தொண்ணூறு பாகை உயர வேண்டும் என்று சிகிச்சையாளர் குறித்து வைத்திருக்கலாம். பெரியவர் மனத்தில் இருப்பதோ வேறு. பிறர் உதவியின்றிக் கைலி கட்ட வேண்டும். தேநீரைத் தாமே ஆற்றிக் குடிக்க வேண்டும். பேரப்பிள்ளையை மடியில் தூக்கி வைக்க வேண்டும். அவர் இதைச் சொன்னால் பயிற்சி அதற்கேற்ப அமையும். சொல்லாவிட்டால், திரையில் எத்தனை பழம் பறித்தாலும் “இதனால் எனக்கு என்ன?” என்ற எண்ணம் வந்துவிடும். நாளடைவில் சிகிச்சைக்குப் போவதே நின்றுவிடும்.

கருவி இந்த உறவை வளர்க்கவும் செய்யும், குலைக்கவும் செய்யும். கண்ணாடியை மாட்டியதும் சிகிச்சையாளரின் முகம் நோயாளிக்கு மறைந்துவிடுகிறது. தெரியாத உலகத்தில் தனியே விட்டது போல் சிலர் மிரளுவார்கள். ஆகவே நல்ல சிகிச்சையாளர் முதலிலேயே விளக்குவார். தொடுவதற்கு முன் “தொடுகிறேன்” என்று சொல்வார். குரலை விடாமல் கேட்கச் செய்வார். அவருடைய கண் திரையில் ஓடும் எண்களிலேயே ஒட்டிக்கொண்டால், நோயாளியின் நெற்றியில் அரும்பும் வியர்வை அவருக்குத் தெரியாது. மறுபுறம், இன்று பத்துப் பழம் கூடுதலாகப் பறித்ததை இருவரும் சேர்ந்து பார்த்துச் சிரிக்கும்போது அந்த உறவு இறுகுகிறது. எண்ணிக்கை குறையும் நாளும் வரும். “ஏன் குறைந்தது?” என்று கருவி கேட்பதில்லை. இரவு தூக்கம் இல்லையா, தோள் வலிக்கிறதா, வீட்டில் ஏதேனும் மனவருத்தமா என்று மனிதர்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போது நாம் பதில் சொல்கிறோமா? தோட்டத்து வாழ்க்கை நம்மவர்க்குப் பல நல்ல பழக்கங்களைத் தந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு பழக்கத்தையும் ஒட்ட வைத்துவிட்டது. துரை சொன்னாலும் சரி, கிராணி சொன்னாலும் சரி, தண்டல் சொன்னாலும் சரி, “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதுதான் அது. மருத்துவமனையிலும் நாம் அதையே செய்கிறோம். வலித்தாலும் “இல்லீங்க” என்கிறோம். புரியாவிட்டாலும் “புரிஞ்சுதுங்க” என்கிறோம். மரியாதை என்று நினைத்து நாம் காக்கும் இந்த மௌனம், சிகிச்சையாளரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. வலியை மறைத்துச் செய்யும் பயிற்சி தோள்மூட்டைக் கெடுக்கவும் கூடும். உள்ளதைச் சொல்வது எதிர்த்துப் பேசுவதாகாது.

பக்கவாதத்தால் பேச்சு இழந்தவர்களும் உண்டு. மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராத பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு உடன் செல்லும் மகனோ மகளோ மருமகளோ வாயாக இருக்க வேண்டும். ஆனால் பெரியவரை ஒதுக்கிவிட்டு நாமே பேசிவிடக் கூடாது. அவரை முதலில் கேட்டு, பிறகு அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்தப் பயிற்சி எந்த வேலைக்காக? எப்படிச் செய்தால் சரி, எப்படிச் செய்தால் தவறு? எவ்வளவு வலி வந்தால் நிறுத்த வேண்டும்? வீட்டில் எதைக் கொண்டு, நாளுக்கு எத்தனை முறை செய்யலாம்? நான்காவது கேள்வி மிக முக்கியம். மெய்நிகர் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. வீட்டுக்கு எடுத்து வரவும் முடியாது. ஆனால் முன்னே சொன்ன கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் செய்யலாமா என்று கேட்கலாம். கோப்பையும் துண்டும் சீட்டுக்கட்டும் எல்லா வீட்டிலும் உண்டு.

வீட்டார் அன்பினாலேயே செய்யும் ஒரு தீங்கும் உண்டு. பாவம் என்று சோற்றை ஊட்டுகிறோம், சட்டையை மாட்டுகிறோம், தண்ணீரைக் கொண்டுபோய் வாயில் வைக்கிறோம். பயன்படுத்தாத கையை மூளையே மறந்துபோகும் என்பதை எட்வர்ட் டௌப் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளார். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், நேரமானாலும் காத்திருப்போம். தூக்கிவிடும்போது பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடக்கூடும்.

கருவியைப் பற்றியும் சில எச்சரிக்கைகள் உண்டு. மெய்நிகர்க் கண்ணாடி சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் விளையாட்டுக் கண்ணாடியை வாங்கி வந்து, தள்ளாடும் ஒருவரை நிற்க வைத்து மாட்டிவிட்டால் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு.

மலேசியத் தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டியது இன்னொன்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் அமைந்த சொக்சோ, பணம் தரும் இடம் மட்டுமன்று. சந்தா செலுத்திய தொழிலாளி விபத்தாலோ நோயாலோ முடங்கினால், உடற்புனர்வாழ்வுக்கும் அதில் வழி உண்டு. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தை அது 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. மலாக்காவில் அதன் துன் ரசாக் புனர்வாழ்வு மையம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தகுதி உண்டா என்பதை அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அங்கும் “சரிங்க” என்று திரும்பிவிடாமல் விளக்கம் கேளுங்கள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இன்று வந்திருக்கும் மெய்நிகர் கருவி எவ்வளவு புதுமையானதாக இருந்தாலும், அந்த நான்கில் மருந்தின் இடத்தில்தான் அது நிற்கிறது. மற்ற மூன்று இடங்களிலும் மனிதர்களே இருக்கிறார்கள். நோயாளி உள்ளதைச் சொல்ல வேண்டும், சிகிச்சையாளர் காது கொடுக்க வேண்டும், வீட்டார் பொறுமையோடு உடனிருக்க வேண்டும். அப்போதுதான் திரையில் பழம் பறித்த கை, வீட்டில் தேநீர்க் கோப்பையையும் எடுக்கும்.